நீர்நிலை உயிரிப்படலங்களில் வினைமிகு ஆக்சிஜன்

ஆற்றுப் படித்துறையில் காலை வழுக்கிவிடும் பாசிப் படிவு, குளத்துக் கல்லின் மேல் படரும் பழுப்புப் பூச்சு, கப்பலின் அடிப்புறத்தில் பிடிக்கும் மெல்லிய வழுவழுப்பு, வெந்நீர் ஊற்றின் ஓரத்தில் செம்மஞ்சளாக விரியும் நுண்ணுயிர்ப் பாய் ஆகிய அனைத்தும் உயிரிப்படலங்களே. பாக்டீரியா, நீலப்பச்சைப் பாசி, டயட்டம், பூஞ்சை, ஒருசெல் உயிர்கள் ஆகியவை தாமே சுரந்த பசைப்பொருளில் புதைந்து, ஒரு பரப்பில் ஒட்டிக் கூடிவாழும் அமைப்புக்கு உயிரிப்படலம் என்று பெயர். இப்படலங்களுக்குள் ஆக்சிஜன் தன் இயல்பான மந்த நிலையை விட்டு, எதிர்ப்படும் பொருள்களோடு விரைந்து வினைபுரியும் சில வடிவங்களை எடுக்கிறது. இவை வினைமிகு ஆக்சிஜன் இனங்கள் எனப்படும். சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் தனியுறுப்பு, ஒற்றைநிலை ஆக்சிஜன் ஆகிய நான்கும் அவற்றுள் முதன்மையானவை.

வெயில், கரைந்த கரிமப் பொருள், உலோகங்கள், நீரின் அமில காரத் தன்மை, உப்பு, வெப்பநிலை, நீரோட்டம், மழை என்று சுற்றுச்சூழலின் ஒவ்வொரு கூறும் இவ்வினங்களின் ஆக்கத்தையும் அழிவையும் மாற்றுகிறது. நீர்வேதியியலில் நெடுங்காலமாகக் கேட்கப்பட்டுவந்த கேள்வி, ஒரு லிட்டர் நீரில் இவை எவ்வளவு இருக்கின்றன என்பதே. உயிரிப்படலத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்வி போதாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில் உருவாகின்றன என்பதை அறிந்தால்தான் படலத்தின் வேதியியல் விளங்கும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குள் ஆக்சிஜன் பெருகி வழியும் அடுக்கும் ஆக்சிஜனே இல்லாத அடுக்கும் அருகருகே இருக்கின்றன. காலையில் ஒரு விதமாக இருக்கும் அடுக்கு மாலையில் வேறொன்றாகிவிடுகிறது. மேலே ஓடும் நீரை மொண்டு அளந்து பெறும் சராசரி எண் இந்த வேறுபாடுகளை எல்லாம் மறைத்துவிடும்.

நான்கு வடிவங்கள்

ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை ஏற்றால் நீராகிவிடும். அவற்றை ஒவ்வொன்றாக ஏற்கும்போது இடைப்படிகளில் மூன்று இனங்கள் பிறக்கின்றன. முதல் எலக்ட்ரான் சேர்ந்தால் சூப்பர்ஆக்சைடு, இரண்டாவது சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு, மூன்றாவது சேர்ந்தால் ஹைட்ராக்சில் தனியுறுப்பு. எலக்ட்ரான் எதையும் ஏற்காமல் ஆற்றலை மட்டும் வாங்கிக் கிளர்ச்சியுற்ற ஆக்சிஜனே ஒற்றைநிலை ஆக்சிஜன்.

இந்த நான்கும் ஒரே குணம் கொண்டவை அல்ல. ஹைட்ரஜன் பெராக்சைடு இயற்கை நீரில் பல மணி நேரம் முதல் சில நாள் வரை நிலைக்கக்கூடியது. அதற்கு மின்னூட்டம் இல்லை. ஆதலால் செல்சவ்வுகளை ஊடுருவிச் செல்லும். சூப்பர்ஆக்சைடு எதிர்மின்னூட்டம் கொண்டது. உருவான செல்லின் சவ்வை எளிதில் தாண்டாது. நீரில் அதன் ஆயுள் வினாடிகளிலிருந்து நிமிடங்கள் வரை. ஒற்றைநிலை ஆக்சிஜன் நீரில் ஏறத்தாழ 4 மைக்ரோவினாடியே வாழ்கிறது. அதற்குள் அது விரவக்கூடிய தொலைவு சுமார் 0.1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு சாதாரண பாக்டீரியாவின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. ஹைட்ராக்சில் தனியுறுப்போ செல்லுக்குள் பிறந்தால் சில நானோமீட்டர்களுக்குள் எதையாவது தாக்கி முடிந்துவிடும். ஆகவே இவ்விரண்டையும் பொறுத்தவரை உருவாகும் இடமும் சேதம் விளையும் இடமும் ஒன்றே. பெராக்சைடுதான் பயணிக்கிறது. நூறு மைக்ரோமீட்டரை அது சில வினாடிகளில் கடந்துவிடும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க அதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். தொலைவு பத்து மடங்கானால் விரவுவதற்கான நேரம் நூறு மடங்காகும் என்ற எளிய விதியே படலத்துக்குள் நடக்கும் பலவற்றுக்குக் காரணம்.

இவற்றைப் பற்றிய அறிவு வெவ்வேறு துறைகளிலிருந்து வந்து சேர்ந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடை 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி ஜாக் தெனார் கண்டறிந்தார். இரும்பு உப்பும் பெராக்சைடும் சேர்ந்தால் டார்டாரிக் அமிலம் கடுமையாக ஆக்சிஜனேற்றம் அடைவதை ஹென்றி ஃபென்டன் 1894இல் விவரித்தார். அவ்வினையில் தனியுறுப்பு பிறக்கிறது என்ற கருத்தை ஃபிரிட்ஸ் ஹேபரும் ஜோசப் வைஸும் 1934இல் முன்வைத்தனர். 1966இல் வான் பாலனும் மார்லரும் கடல்நீரில் பெராக்சைடு இருப்பதை அறிவித்தனர். ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் 1969இல் சூப்பர்ஆக்சைடை அழிக்கும் நொதியை, சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேசை, அடையாளம் கண்ட பிறகுதான் இவ்வினங்கள் உயிருள்ள ஒவ்வொரு செல்லோடும் தொடர்புடையவை என்பது பரவலாக உணரப்பட்டது.

படலம் என்னும் களம்

படலத்தின் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் செல்களைவிட அவை சுரந்த பசைப்பொருளே பெரும்பாலும் மிகுதி. பலசர்க்கரைகள், புரதங்கள், செல்களிலிருந்து வெளிப்பட்ட டிஎன்ஏ, கொழுப்புகள், சிக்கிக்கொண்ட களிமண் துகள்கள், உலோக ஆக்சைடு மணிகள் ஆகியவை கலந்த கூழ் அது. இந்தக் கூழுக்குள் நீர் ஓடாது. ஆற்றின் வேகம் எவ்வளவு இருந்தாலும் படலத்தின் மேற்பரப்பை ஒட்டி 0.1 முதல் 1 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள, ஏறத்தாழ அசையாத நீரடுக்கு ஒன்று நிற்கிறது. ஆக்சிஜனும் பெராக்சைடும் உணவும் கழிவும் இந்த அடுக்கின் வழியாக விரவியே போய்வர வேண்டும். உள்ளே பயன்படும் வேகத்துக்கு விரவல் ஈடுகொடுக்க இயலாததால் ஆழம் கூடக்கூட ஒவ்வொரு பொருளின் செறிவும் மாறிக்கொண்டே போகிறது.

இதை நேரில் காட்டியது நுண்மின்முனை. ஊசிமுனையைவிட நுண்ணிய கண்ணாடி உணரியைப் படலத்துக்குள் படிப்படியாக இறக்கி ஆக்சிஜனை அளக்கும் முறையை டென்மார்க்கின் ஆர்ஹஸில் நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக்கும் போ பார்க்கர் யோர்கென்சனும் வளர்த்தெடுத்தனர். சினாய் தீபகற்பத்தின் சோலார் ஏரியிலுள்ள நுண்ணுயிர்ப் பாயை அவர்கள் உடனாய்வாளர்களோடு அளந்து 1983இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படையானது. வெயிலில் அப்பாயின் மேலடுக்கில் ஆக்சிஜன், காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் இருப்பதைவிடப் பல மடங்கு சேர்கிறது. ஒளிச்சேர்க்கை கரிமில வாயுவை உறிஞ்சுவதால் நீர் காரத்தன்மை அடைகிறது. ஒளியை மறைத்தால் சில நிமிடங்களில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கீழிருந்து ஹைட்ரஜன் சல்பைடு மேலேறுகிறது. ஒரே செல் நண்பகலில் ஆக்சிஜன் மிகையிலும் நள்ளிரவில் ஆக்சிஜனே இல்லாமலும் வாழ வேண்டியிருக்கிறது. வினைமிகு ஆக்சிஜனின் வேதியியலுக்கு இதைவிடத் தீவிரமான களம் இயற்கையில் அரிது.

ஒளியின் பங்கு

நீர்நிலைகளில் வினைமிகு ஆக்சிஜனைப் பெருக்கும் காரணிகளில் முதலிடம் வெயிலுக்குத்தான். அது மூன்று வழிகளில் செயல்படுகிறது. மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தவறும் ஆய்வுகள் பெரும்பாலும் காரணத்தைத் தவறாகச் சுட்டிவிடுகின்றன.

முதல் வழி ஒளிச்சேர்க்கையின் உள்ளே இருக்கிறது. ஒளி மிகும்போது, கரிமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வேகம் எலக்ட்ரான்கள் வந்துசேரும் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. எஞ்சிய எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மேல் ஏறிச் சூப்பர்ஆக்சைடை உருவாக்குகின்றன. பசுங்கணிகங்களில் ஒளியினால் பெராக்சைடு தோன்றுவதை 1951இல் ஆலன் மெஹ்லர் காட்டியதால் இதற்கு மெஹ்லர் வினை என்று பெயர். கிளர்ச்சியுற்ற பச்சையம் தன் ஆற்றலை ஆக்சிஜனிடம் கொட்டிவிட்டால் ஒற்றைநிலை ஆக்சிஜன் பிறக்கும். நீலப்பச்சைப் பாசிகளுக்கு இங்கே ஒரு தனித்தன்மை உண்டு. ஃபிளேவோ இரட்டையிரும்புப் புரதங்கள் எனப்படும் புரதங்களின் துணையால் அவை மிகை எலக்ட்ரான்களை ஆக்சிஜன் மேல் ஏற்றி நேரடியாக நீராக்கிவிடுகின்றன. இடையில் பெராக்சைடு வெளிப்படுவதில்லை. வசதியான ஏற்பாடு இது. அதே காரணத்தால் பெராக்சைடைச் சமாளிக்கும் திறன் அவற்றில் பலவற்றுக்குக் குறைவு. இதன் விளைவு நீர் மேலாண்மையில் தெரிவதைப் பின்னர் காணலாம்.

இரண்டாவது வழியில் உயிருக்கு இடமில்லை. இலைதழைகளும் மண்ணும் மக்கி நீரில் கரையும் ஹியூமிக் பொருள்களே ஆற்றுக்கும் ஏரிக்கும் தேநீர் நிறம் தருபவை. அவை புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் உறிஞ்சி, பெற்ற ஆற்றலையும் எலக்ட்ரானையும் ஆக்சிஜனுக்குக் கைமாற்றுகின்றன. இயற்கை நீரில் ஒற்றைநிலை ஆக்சிஜன் இவ்வாறு தோன்றுவதை ரிச்சர்ட் ஜெப்பும் உடனாய்வாளர்களும் 1977இல் காட்டினர். 1983இல் வில்லியம் கூப்பரும் ராட் ஜிகாவும் ஏரி, ஆற்று நீரை மட்டுமன்றி நிலத்தடி நீரையும் வெயிலில் வைத்தபோது பெராக்சைடு சேர்வதைப் பதிவுசெய்தனர். வயல்களிலிருந்து வடியும் நைட்ரேட்டும் இவ்வகையில் சேர்ந்ததே. ஒளி பட்டுச் சிதையும்போது அது ஹைட்ராக்சில் தனியுறுப்பைத் தருகிறது. ஆக, மேல்நிலத்தில் இட்ட உரம் ஆற்றுக்கல்லின் மேலுள்ள படலத்துக்கு உணவாவதோடு, அதன் ஆக்சிஜனேற்றச் சூழலையும் மாற்றுகிறது.

நிறம் மிகுந்த நீரில் முரண்பாடு ஒன்று தோன்றும். அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோ போன்ற கருநீர் ஆறுகளில் ஒளிவினைக்கு வேண்டிய கரிமப் பொருள் ஏராளம். ஆனால் அதே பொருள் ஒளியை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடுகிறது. மேலடுக்கில் பெராக்சைடு மிகும். ஆழத்தில் கிடக்கும் கல்லை ஒளி எட்டாது. அக்கல்லின் படலத்துக்கு வந்துசேர்வது நீர் கலப்பதால் மேலிருந்து இறங்கிய பெராக்சைடு மட்டுமே. குறுகிய ஆயுளுடைய மற்ற மூன்றும் வழியிலேயே மடிந்திருக்கும். தெளிந்த மலையோடையில் நிலைமை நேர்மாறானது. நீரில் பெராக்சைடு குறைவு. கல்லின் மேல் விழும் புற ஊதாக் கதிரோ மிகுதி. ஆகவே ஆக்கம் படலத்துக்குள்ளேயே நடக்கிறது.

மூன்றாவது வழி, பசைப்பொருளே ஒளியை உறிஞ்சும் பொருளாவது. புரதங்களும் நிறமிச் சிதைவுகளும் ஒட்டிக்கொண்ட ஹியூமிக் பொருளும் கூழுக்குள் செறிந்திருக்கின்றன. டக்ளஸ் லாச்சும் கிறிஸ்டஃபர் மெக்நீலும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே வழிகாட்டுகிறது. ஹியூமிக் மூலக்கூறின் உட்புறத்தில் ஒற்றைநிலை ஆக்சிஜனின் செறிவு, சுற்றியுள்ள நீரில் அளக்கப்படுவதைவிடப் பன்மடங்கு உயர்ந்திருப்பதை நீரை விலக்கும் தன்மையுள்ள ஆய்வுப்பொருளைக் கொண்டு அவர்கள் கண்டனர். பிறந்த இடத்தைவிட்டு அகல முடியாத ஓர் இனத்துக்கு, சராசரிச் செறிவு என்ற எண்ணே பொருளற்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று குறைவு. பசைக்கூழில் புதைந்த ஒரு வைரசோ மருந்து மூலக்கூறோ திறந்த நீரில் இருப்பதைவிட விரைவாகச் சிதையக்கூடும் என்ற எதிர்பார்ப்பு இதிலிருந்தே எழுகிறது.

இம்மூன்றும் சேர்ந்து நாள்தோறும் ஓர் ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகின்றன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் பெராக்சைடு பகலில் உயர்ந்து இரவில் தாழ்வது அளந்து காட்டப்பட்டுள்ளது. ஆக்சிஜன், காரத்தன்மை, பெராக்சைடு ஆகிய மூன்றும் பகலில் ஒன்றாக உயர்வதால் எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிவது எளிதன்று.

இருளில் நடப்பவை

ஒளியில்லாத இடத்தில் இவ்வினங்கள் தோன்றா என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. 2013இல் ஜூலியா டயசும் கொலீன் ஹான்செலும் உடனாய்வாளர்களும் பல்வேறு சூழல்களைச் சேர்ந்த பாக்டீரியாக்களை இருளில் வளர்த்து ஆராய்ந்தனர். ஒளிச்சேர்க்கையோடு தொடர்பே இல்லாத அவற்றில் பெரும்பாலானவை செல்லுக்கு வெளியே சூப்பர்ஆக்சைடை வெளியிடுவது தெரியவந்தது. அடியாழத்துச் சேறும் குழாயின் உட்சுவரும் இதனால் இவ்வேதியியலின் எல்லைக்குள் வந்துவிட்டன.

மற்றொரு இருள்வழி, ஆக்சிஜன் உள்ள நீரும் இல்லாத நீரும் சந்திக்கும் விளிம்பில் இருக்கிறது. ஆக்சிஜனற்ற இடத்தில் இரும்பும் ஹியூமிக் பொருளும் எலக்ட்ரான்களைச் சுமந்து குறைநிலையில் நிற்கின்றன. ஆக்சிஜன் வந்து தொட்டவுடன் அந்த எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, ஹைட்ராக்சில் தனியுறுப்பு வரை உருவாகிறது. அலாஸ்காவின் ஆர்க்டிக் நிலத்தில் மண்நீரிலும் மேற்பரப்பு நீரிலும் இவ்வாறு நிகழ்வதை 2013இல் சாரா பேஜும் குழுவினரும் காட்டினர். அங்கே கரிமப் பொருள் இவ்விருள்வழியில் சிதைவது, பாக்டீரியா அதைச் சிதைப்பதற்கு நிகரான அளவில் இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

உயிரிப்படலத்தில் இத்தகைய விளிம்பு எப்போதும் உண்டு; அது நகர்ந்துகொண்டும் இருக்கிறது. இரவில் மேற்பரப்பை நோக்கி ஏறும். விடிந்ததும் கீழே இறங்கும். இரவெல்லாம் சேர்ந்த குறைநிலை இரும்பை விடியலில் உருவாகும் முதல் ஆக்சிஜன் சந்திக்கும்போது வினைமிகு இனங்கள் ஒரு துடிப்பாக எழுவதற்கான எல்லாச் சூழலும் அமைகிறது. உச்சி வெயிலில் மட்டும் மாதிரி எடுக்கும் வழக்கம் இந்த வேளையைத் தவறவிட்டுவிடும். வைகறையிலும் அந்தியிலும் அளப்பதே இப்படலங்களுக்கு உகந்த முறை.

மழை ஒரு புறவரவு. மேகத்துளிகளில் ஒளிவினையால் சேரும் பெராக்சைடு மழைநீரில் லிட்டருக்குப் பல மைக்ரோமோல் அளவில் இருப்பதுண்டு. கடல் மேற்பரப்பில் வழக்கமாக இருப்பதோ பத்து நானோமோல்களிலிருந்து சில நூறு நானோமோல்கள் வரை. ஒரு நல்ல மழை ஆழமற்ற நீரின் பெராக்சைடைச் சட்டென்று பல மடங்கு உயர்த்திவிடும்.

இரும்பு, மாங்கனீசு, செம்பு

பெராக்சைடு தனியாக இருக்கும்வரை பெரிய தீங்கு செய்வதில்லை. குறைநிலை இரும்பு அதைச் சந்திக்கும்போதுதான் ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கிறது. ஆகவே இரும்பு எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதே சேதத்தின் அளவை முடிவுசெய்கிறது. நடுநிலை நீரில் ஆக்சிஜனேற்றம் அடைந்த இரும்பு துருவாகப் படிந்துவிடும். பசைப்பொருளிலுள்ள அமிலத் தொகுதிகள் அதைப் பற்றிக் கரைநிலையில் வைத்திருக்கக்கூடும். அப்போது படலமே ஃபென்டன் வினைக்கான கலமாகிறது. அமில நீரில் இரும்பு கரைந்தே இருக்கும். கொலராடோவில் சுரங்கக் கழிவுநீர் கலக்கும் செயின்ட் கெவின் கல்ச் என்னும் மலையோடையில் வெயில் ஏறும்போது ஒளியே இரும்பைக் குறைநிலைக்குத் திருப்புவதை டயேன் மெக்நைட்டும் உடனாய்வாளர்களும் 1988இல் அளந்து காட்டினர். இத்தகைய ஓடையில் ஒளி, இரும்பு, பெராக்சைடு மூன்றும் ஒரு சுழற்சியில் இணைகின்றன. ஃபென்டன் வினையால் தீர்ந்த குறைநிலை இரும்பை வெயில் மீண்டும் மீண்டும் புதுப்பித்துத் தருகிறது.

நீரின் பிஎச் மதிப்பு இன்னொரு வகையிலும் குறுக்கிடுகிறது. சூப்பர்ஆக்சைடு தன்னோடு தானே வினைபுரிந்து பெராக்சைடாகும் வேகம், நடுநிலைக்கு மேல் பிஎச் ஓர் அலகு உயரும்தோறும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. நண்பகலில் படலம் காரத்தன்மை அடையும்போது, நொதியும் உலோகமும் குறுக்கிடாவிட்டால் சூப்பர்ஆக்சைடு நெடுநேரம் உயிர்த்திருக்கும். பெரும்பாலான நீரில் செம்பு குறுக்கிடுகிறது. கரைந்த செம்பு அயனி சூப்பர்ஆக்சைடை மிக விரைவாகச் சிதைக்கவல்லது. நுண்ணளவு இருந்தாலே போதும். கப்பல் அடிப்பூச்சுகளிலிருந்தும் களைக்கொல்லிகளிலிருந்தும் துறைமுக நீரில் சேரும் செம்பு படலத்துக்கு நஞ்சாவதோடு இந்தச் சமநிலையையும் மாற்றுகிறது.

மாங்கனீசின் கதை சூப்பர்ஆக்சைடைப் பற்றிய பார்வையையே மாற்றியது. கலிபோர்னியாவின் எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்திலிருந்து பிரித்தெடுத்த ரோசியோபாக்டர் வகைப் பாக்டீரியா ஒன்று கரைந்த மாங்கனீசைக் கருநிற ஆக்சைடாக மாற்றுகிறது. அதைச் செய்வது அதன் புறச்செல் சூப்பர்ஆக்சைடு என்பதை டெரிக் லியர்மன், பெட்டினா வோல்கர், ஹான்செல் ஆகியோர் 2011இல் நிறுவினர். மாங்கனீசு ஆக்சைடு இயற்கையின் வலிமைமிக்க ஆக்சிஜனேற்றிகளுள் ஒன்று. ஈயம், கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களைத் தன்மேல் பற்றிக்கொள்ளும். ஆற்றுக்கற்களின் மேல் காணும் கரும்பூச்சில், பாக்டீரியா வெளியிட்ட ஒரு நிலையற்ற ஆக்சிஜன் இனத்தின் கைவண்ணம் இருக்கக்கூடும். சூப்பர்ஆக்சைடை வெறும் கழிவு என்றோ நஞ்சு என்றோ ஒதுக்குவது இனிச் சரியன்று.

உப்பு, வெப்பம், ஓட்டம், வறட்சி

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 மில்லிமோல் புரோமைடு உண்டு. அங்கே பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்பில் பெரும்பகுதியை அதுவே விழுங்கி வினைமிகு புரோமின் இனங்களாக மாற்றிவிடுகிறது. நன்னீரில் அந்த வேலையைக் கரிமப் பொருளும் பைகார்பனேட்டும் செய்கின்றன. பைகார்பனேட்டிலிருந்து பிறக்கும் கார்பனேட் தனியுறுப்பு மென்மையானது, ஆனால் ஆயுள் கூடியது. எனவே ஒரே அளவு வெயில், ஒரே அளவு இரும்பு இருந்தாலும் கழிமுகத்தின் உப்புநீர்ப் பக்கத்திலும் நன்னீர்ப் பக்கத்திலும் படலம் எதிர்கொள்ளும் தாக்குதல் வேறுவேறு.

வெப்பநிலை இரு திசைகளில் இழுக்கிறது. காற்றோடு சமநிலையிலுள்ள நன்னீரில் 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். வெப்பம் ஏறும்போது சுவாசமோ விரைவுபடுகிறது. ஆகவே ஆக்சிஜனற்ற அடுக்கு மேலே நகர்கிறது, விளிம்பு கூர்மையாகிறது, ஒளிச்சேர்க்கை அமைப்பு தடுமாறிச் சூப்பர்ஆக்சைடைக் கூடுதலாகக் கசியவிடுகிறது. மறுபக்கம், பெராக்சைடைச் சிதைக்கும் நொதிகளின் வேகமும் ஓரளவு வரை கூடுகிறது. கோடையில் எது வெல்லும் என்பதை வெப்பமானியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

நீரோட்டம் விரைந்தால் அசையாத நீரடுக்கு மெலிகிறது. பகலில் உள்ளே மிகையாகச் சேர்ந்த ஆக்சிஜனும் பெராக்சைடும் எளிதாக வெளியேறும். இரவில் ஆக்சிஜன் எளிதாக உட்புகும். அணை கட்டி நீரைத் தேக்கினால் இதற்கு எதிர்மாறாக நடந்து பகல் இரவு வேறுபாடு தீவிரமாகும். ஓடை வற்றும்போது படலம் வெயிலுக்கு நேரடியாகத் திறந்துவிடப்படுகிறது. நீர் சுருங்க உலோகமும் உப்பும் செறிகின்றன. மீண்டும் நீர் வரும் தருணம் உலர்ந்த செல்களுக்குப் பெரும் ஆக்சிஜனேற்ற நெருக்கடி. நீலப்பச்சைப் பாசிகள் பசையுறையில் சேர்த்துவைக்கும் ஸ்கைட்டோனெமின் என்ற பழுப்பு நிறமி புற ஊதாக் கதிரை வடிகட்டி, பிறக்க இருந்த இனங்களைப் பிறக்கும் முன்பே தடுக்கிறது.

கூட்டுப் பாதுகாப்பும் செய்தியும்

படலத்தின் மிகப் பெரிய அரண், பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி. பிலிப் ஸ்டூவர்ட்டும் உடனாய்வாளர்களும் 2000இல் வெளியிட்ட சோதனையில், சூடோமோனாஸ் ஏருஜினோசா படலத்தின் மேல் லிட்டருக்கு 50 மில்லிமோல் செறிவுள்ள பெராக்சைடைப் பாயவிட்டனர். இயற்கை நீரில் காணப்படுவதைவிடப் பல்லாயிரம் மடங்கு கூடுதலான அந்தச் செறிவும் படலத்தை ஊடுருவவில்லை. கேட்டலேஸ் மரபணு ஒன்றை நீக்கிய பாக்டீரியாவின் படலத்துக்குள் அது புகுந்தது. செல்களில் ஒரு பகுதியைக் கொன்றது. பசைப்பொருள் சுவராக நின்று பெராக்சைடைத் தடுக்கவில்லை. மேலடுக்குச் செல்கள் விரவல் கொண்டுவரும் வேகத்தைவிட விரைவாக அதைச் சிதைத்ததால் கீழடுக்கு பிழைத்தது. தனிச்செல்லால் ஆகாத இந்தப் பாதுகாப்பு கூடிவாழ்வதாலேயே கிடைக்கிறது.

இதன் மறுமுகம், சிலர் செய்யும் வேலையின் பலனைப் பிறர் துய்ப்பது. கடலில் மிதக்கும் புரோகுளோரோகாக்கஸ் என்ற நீலப்பச்சைப் பாசி கேட்டலேஸ் மரபணுவையே இழந்துவிட்டு, சுற்றியுள்ள பாக்டீரியாக்கள் பெராக்சைடை அகற்றுவதை நம்பி வாழ்கிறது. ஜெஃப்ரி மாரிஸ், ரிச்சர்ட் லென்ஸ்கி, எரிக் ஜின்சர் ஆகியோர் 2012இல் முன்வைத்த ‘கருப்பு ராணி’ கருதுகோளுக்கு இதுவே முதன்மைச் சான்று. செல்கள் ஒன்றையொன்று ஒட்டி வாழும் படலத்தில் இத்தகைய சார்பு இன்னும் எளிதாக வேரூன்றும்.

பெராக்சைடு செய்தியாகவும் பயன்படுகிறது. கடற்பாசிகளின் மேல் வாழும் சூடோஆல்டெரோமோனாஸ் டியூனிகேட்டா பாக்டீரியா சுரக்கும் ஒரு புரதம் லைசினை ஆக்சிஜனேற்றி, படலத்தின் நுண்குடியிருப்புகளுக்குள் பெராக்சைடைச் சேர்க்கிறது. உள்ளிருக்கும் செல்கள் சில மடிகின்றன. எஞ்சியவை பிரிந்து நீந்திச் சென்று புது இடங்களில் குடியேறுகின்றன.

மனிதத் தலையீடு

நெதர்லாந்தின் கூட்ஸ்ஹவுஸ் ஏரியில் 2009ஆம் ஆண்டுக் கோடையில் பிளாங்டோத்ரிக்ஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியபோது, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும்படி ஏரி முழுவதும் பெராக்சைடு கலக்கப்பட்டது. சில நாள்களில் அப்பாசி 99 விழுக்காடு வீழ்ந்தது. ஏழு வாரங்கள் வரை மீளவில்லை. மற்ற பாசிகளும் விலங்கு மிதவை உயிர்களும் பெரும்பாலும் தப்பின. கலந்த பெராக்சைடு சில நாள்களில் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்தது. மிதக்கும் பாசிக்குப் பொருந்தும் இந்த அளவை அடித்தளத்தில் படர்ந்த பாசிப்பாய்க்கு அப்படியே பரிந்துரைப்பது தவறாகும். ஸ்டூவர்ட் சோதனை காட்டிய கூட்டுப் பாதுகாப்பு அங்கே மருந்தை மேலடுக்கிலேயே தீர்த்துவிடும்.

வெயில்காப்புப் பூச்சுகளிலும் வண்ணப்பூச்சுகளிலும் உள்ள டைட்டானியம் டைஆக்சைடு நுண்துகள்கள் புற ஊதா ஒளியில் வினைமிகு இனங்களை உருவாக்குபவை. 2009இல் டாம் பாட்டினும் உடனாய்வாளர்களும் ஓடை நுண்ணுயிர்களில் இவற்றைச் சோதித்தபோது, தனியே மிதந்த செல்களின் சவ்வுகள் படலத்தில் வாழ்ந்தவற்றைவிடக் கூடுதலாகச் சேதமுற்றன. தொழில்துறையிலும் இவ்வேதியியலின் தடம் உண்டு. கடல்நீரில் வைத்த துருவேறா எஃகின் மேல் படலம் பிடிக்கும்போது அதன் மின்னழுத்தம் உயர்ந்து அரிப்பு அபாயம் கூடுகிறது. இதற்குப் படலத்துப் பெராக்சைடும் மாங்கனீசு ஆக்சைடும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. சூப்பர்ஆக்சைடே மாங்கனீசை ஆக்சிஜனேற்றும் என்பது தெரிந்த பிறகு இவ்விரு விளக்கங்களையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை.

அளக்கும் முறைகள்

பெராக்சைடைக் குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸ் நொதியோடு ஒளிரும் சாயம் சேர்த்தும், சூப்பர்ஆக்சைடை வேதியொளிர்வைக் கொண்டும், ஒற்றைநிலை ஆக்சிஜனை ஃபர்ஃபியூரில் ஆல்கஹால் தேயும் வேகத்தைக் கொண்டும், ஹைட்ராக்சில் தனியுறுப்பை டெரஃப்தலேட்டைக் கொண்டும் அளக்கின்றனர். செல்லுக்குள் செலுத்தி ஒளிரச் செய்யும் டைகுளோரோஃபுளோரசின் வகைச் சாயம் எளிமையால் பரவலானது. ஆயினும் அது எந்த இனத்தோடு வினைபுரிந்தது என்பதைப் பிரித்துக் காட்டாது; ஒளி பட்டாலே தானாக ஆக்சிஜனேற்றம் அடையும்; வெயிலில் வளரும் படலத்துக்கு அதை மட்டும் நம்புவது ஏற்கத்தக்கதன்று. பெராக்சைடு நுண்மின்முனையையும் ஆக்சிஜன், பிஎச் நுண்மின்முனைகளையும் ஒன்றாக இறக்கி, ஒரே புள்ளியில் ஒரு முழுநாள் சுழற்சியைப் பதிவுசெய்யும் முறை உழைப்பு மிகுந்தது. ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்துத் தருவதால் படலங்களுக்கு மிகப் பொருத்தமானது அதுவே. பெராக்சைடுக்கு மட்டுமே அது இயலும். மற்ற மூன்று இனங்களையும் அவை விட்டுச்செல்லும் வினைபொருள்களைக் கொண்டுதான் கணக்கிட முடிகிறது.